உணவியல் அறிஞர் மெக்காரிசன்

பசித்தால் உண்கிறோம், வயிறு நிறைந்தால் கை கழுவி எழுகிறோம். உண்ட சோறு உள்ளே சென்று என்ன தொழில் செய்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. உணவு அடுப்பில் இடும் விறகைப் போன்றது. எரிந்து வெப்பமும் ஆற்றலும் தருவதே அதன் பயன் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர் பலர் கருதினர். எனவே, எந்தப் பண்டம் எத்தனை கலோரி வெப்பம் தரும் என்று அளந்தனர். ஒருவன் செய்யும் உழைப்புக்கு ஈடான கலோரி அவனது உணவில் இருந்துவிட்டால், வரவும் செலவும் ஒத்துக் கணக்கு நேராயிற்று என்று அமைதி கொண்டனர். அக்கணக்குப் பொய்யன்று, ஆயினும் அது பாதிக் கணக்கே. எஞ்சிய பாதியைத் தேடிக் கண்ட அறிஞர் ஒருசிலர். அவருள் ஒருவர், தம் ஆராய்ச்சியின் பெரும்பகுதியை நம் நீலகிரி மலையில் குன்னூரில் இருந்து நடத்தியவர். அவரே சர் இராபர்ட்டு மெக்காரிசன் ஆவார்.

அயர்லாந்தின் வடபகுதியில் போர்ட்டடவுன் என்னும் ஊரில் 1878 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15 ஆம் நாள் அவர் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரில் மருத்துவம் பயின்று 1900 இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டிலேயே இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்து கப்பலேறினார். வடமேற்கு எல்லையிலே சித்திரால் என்னும் மலைநாட்டுக்குப் படைமருத்துவராகச் சென்றார். அங்கே படைவீரர்களை வருத்திய மூன்று நாட் காய்ச்சலை ஆராய்ந்து, அது மணல் ஈயினால் வருவது என்று எடுத்துக் காட்டினார். அதன்பின் கில்கித்துப் பகுதிக்கு மாற்றப்பட்டார். அவரது வாழ்வின் போக்கை வகுத்தது அவ்விடமே.

கில்கித்தில் மக்கள் பலர் கழுத்துக் கழலையால் துன்புற்றனர். தொண்டையின் முன்புறத்தே உள்ள தைராய்டு என்னும் சுரப்பி வீங்கிப் பருப்பதே அந்நோய். அங்குள்ள சிற்றூர்கள் ஒரே வாய்க்காலை ஒட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருந்தன. மேலூரார் குளித்துக் கழுவிய நீரே கீழூரார்க்குக் குடிநீர். மெக்காரிசன் ஊர் ஊராகச் சென்று நோயாளரை எண்ணினார். வாய்க்காலின் வழியே கீழே செல்லச் செல்ல நோய் மிகுந்தது. தனக்கெனத் தனிச்சுனை உடைய ஊரிலே நோய் இல்லை. அவர் எண்ணியதோடு நின்றாரல்லர். தாமும், உடன்பட்டுத் துணைவந்த சிலரும், அந்நீரை வடிகட்டியபோது எஞ்சிய வண்டலை நாள்தோறும் குடித்தனர். குடித்தோருள் சிலர்க்குக் கழுத்து வீங்கத் தொடங்கிற்று. வண்டலைக் காய்ச்சிக் குடித்தவர்க்கு வீக்கம் வரவில்லை. குடலிலே தங்கிய கிருமிகளே இதற்குக் காரணம் என்று அவர் முடிவு செய்தார். கழலைக்குத் தலையாய காரணம் அயோடின் குறைவே என்பது இன்று தெளிந்த செய்தி. ஆகவே, அவர் கண்ட முடிவு முழுமையானதன்று. எனினும், குடலின் நிலை உடலின் தொலைவான உறுப்பையும் தாக்கும் என்னும் எண்ணம் அவருக்கு அங்கே பிறந்தது. பின்னாளில் அதுவே அவருக்குப் பெருஞ்செல்வமாயிற்று.

ஊருக்கு ஊர் நீரின் வேறுபாடு நோயின் வேறுபாடாக விளைதல் எம் தருமபுரி வட்டாரத்தார்க்குப் புதிதன்று. இங்குப் பல சிற்றூர்களின் ஆழ்கிணற்று நீரில் புளோரைடு அளவுக்கு மிஞ்சி இருந்தமையால், பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. முதியோர்க்கு எலும்பு மூட்டுகள் இறுகின. காவிரி நீரைக் கொணர்ந்து அத்துன்பத்தைக் குறைக்கும் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பெற்று, 2013 இல் தொடங்கி வைக்கப்பட்டது.

கில்கித்துக்கு வடக்கே ஊன்சா என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கு வாழ்ந்த மலைமக்கள் கோதுமை, வாற்கோதுமை, சிறுதானியம், கீரை, பால், சர்க்கரைப் பாதாமிப் பழம் ஆகியவற்றை உண்டு திடமாக இருந்தனர். அவர்களிடையே செரியாமை, இரைப்பைப் புண், குடல் அழற்சி முதலியவற்றைக் காணவில்லை என்று மெக்காரிசன் பிற்காலத்தில் எழுதினார். அவர்கள் நூறாண்டுக்கு மேலும் வாழ்வர் என்று பிறர் கட்டிய கதைகளை நாம் நம்ப வேண்டுவதில்லை. அவற்றுக்குச் சான்று இல்லை. ஆனால், ஒரே அரசின்கீழ் ஒரே மருத்துவரின் கண்முன்னே ஒரு மக்கள் நலமுற்றும் மற்றொரு மக்கள் நலிவுற்றும் இருப்பானேன் என்னும் வினா நியாயமானதே.

அவ்வினாவுடன் அவர் குன்னூருக்கு வந்தார். அங்கே 1907 இல் நிறுவப்பெற்ற தென்னிந்தியப் பாஸ்டியர் நிறுவனம் வெறிநாய்க்கடி மருந்துக்குப் பேர்பெற்றது. முதல் உலகப்போர் மூண்டபோது அவர் படைப்பணிக்குச் சென்றார். 1918 இல் திரும்பி வந்தபோது, அந்நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஓர் அறை. பெரிபெரி நோய் பற்றிய ஆய்வு என்று அதற்குப் பெயர்.

பெரிபெரி என்பது கால்கள் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சு தளர்ந்து மாயும் நோய். சாவகத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் உண்ட கோழிகள் நடை தளர்ந்து வீழ்வதையும், தவிடு கொடுத்தால் அவை எழுந்து நடப்பதையும் 1890 களிலேயே கண்டிருந்தார். 1912 இல் பங்க் என்னும் அறிஞர் இவ்வகைப் பொருள்களுக்கு வைட்டமின் என்று பெயரிட்டார். தமிழில் உயிர்ச்சத்து என்கிறோம். இச்சத்து அளவிற் சிறியது. ஆனால் செயலிற் பெரியது. மாவுப்பொருள் உடலில் எரிந்து ஆற்றலாவதற்குப் பி1 என்னும் உயிர்ச்சத்து வேண்டும். விறகு மலைபோலக் குவிந்திருப்பினும் தீப்பொறி இல்லாத அடுப்பில் உலை கொதிக்குமா? அவ்வாறே, சோறு வயிறு நிறைய இருந்தும் பி1 இல்லாதவன் ஆற்றலின்றி வாடுவான்.

மெக்காரிசன் புறாக்களையும் குரங்குகளையும் சத்தற்ற உணவில் வைத்துப் பார்த்தார். பிறர் நரம்பை நோக்கினர். அவர் குடலை நோக்கினார். இதுவே அவரது தனிச்சிறப்பு. தீட்டிய அரிசியை மிகு வெப்பத்தில் வேகவைத்து, உயிர்ச்சத்தை அழித்து, அதனைக் குரங்குகளுக்கு ஊட்டினார். அவை பசியிழந்தன, கழிச்சல் கண்டன, சில சீதபேதியால் மாய்ந்தன. அவற்றின் குடலை நுண்ணோக்காடியின் கீழ் வைத்து ஆராய்ந்தபோது, செரிப்பு நீரைச் சுரக்கும் சுரப்பிகள் சிதைந்திருந்தன, குடலின் தசைச்சுவர் தாள்போல் மெலிந்திருந்தது, உட்சவ்வு புண்பட்டிருந்தது, அப்புண்ணின் வழியே நுண்கிருமிகள் குருதியிற் புகுந்திருந்தன. உணவிற் குறை நேர்ந்தால் உணவைச் செரிக்கும் உறுப்பே முதலில் அழிகின்றது. உறுப்பு அழியவே நல்ல உணவு கிடைத்தபோதும் உடல் அதனை ஏற்பதில்லை. பெரிபெரி என்று பெயர்சூட்டத்தக்க நோய் தோன்றுமுன்னரே மந்தம், கழிச்சல், சோர்வு எனக் குடல் முறையிடத் தொடங்கிவிடும். குறைந்த உணவால் வரும் நோய்கள் பற்றிய இவ்வாராய்ச்சிகளை 1921 இல் நூலாக வெளியிட்டார்.

இன்று குடலில் வாழும் எண்ணிறந்த நுண்ணுயிர்களைப் பற்றி அறிவியலார் மிகுதியாகப் பேசுகின்றனர். நம்மாற் செரிக்க இயலாத நார்ப்பொருளை அவை உணவாகக் கொண்டு, குடலின் உட்சவ்வுக்கே ஊட்டமாகும் அமிலங்களை ஆக்கித் தருகின்றன. மெக்காரிசன் காலத்தில் இவ்விவரங்கள் தெரியா. தவிடு நீங்கினால் குடல் கெடும் என்பதை மட்டும் அவர் தெரிந்திருந்தார்.

சென்னை மாகாணத்தில் பெரிபெரி எங்கெங்கு உள்ளது என்றும் அவர் தேடினார். வடக்கே தெலுங்கு நாட்டுக் கடற்கரை மாவட்டங்களில் அது மிகுதி. தெற்கே தமிழ் மாவட்டங்களில் மிகக் குறைவு. இருபுறத்தாரும் அரிசியே உண்பவர். வேற்றுமை எதனால்? வடபகுதியினர் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர். நம்மவர் புழுங்கலரிசியை உண்டனர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, உமிக்கும் தவிட்டுக்கும் அணுக்கமாயுள்ள உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பின்பு தீட்டினாலும் அது முற்றும் போவதில்லை. பெயர் தெரியாத நம் முன்னோர் எக்காரணம் பற்றியோ நெல்லை அவித்தனர்; அவ்வழக்கம் பல்லாயிரம் உயிர்களைக் காத்து நின்றது.

இவ்வளவு பயனுள்ள ஆய்வுக்கு 1923 இல் இடையூறு வந்தது. அரசு தன் செலவைக் குறைப்பதற்கு அமைத்த இஞ்ச்கேப்புக் குழுவின் பரிந்துரைப்படி, ஆய்வுக்குரிய பணம் நிறுத்தப்பட்டது. அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். ஒரு நாட்டு மக்களின் சோற்றைப் பற்றிய ஆராய்ச்சியை வேண்டாத செலவு என்று எண்ணிய ஆட்சியின் அறிவை என்னென்பது! நல்வாய்ப்பாக 1925 இல் பணி மீண்டும் தொடங்கிற்று. வேளாண்மை பற்றி விசாரிக்க வந்த அரச ஆணையத்தின்முன், இந்திய மக்களின் மெலிவுக்குச் சத்துக்குறைவே பெருங்காரணம் என்று அவர் எடுத்துரைத்தார். 1928 இல் அந்த ஓரறை ஆய்வு உணவாராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. அவரே அதன் முதல் இயக்குநர்.

அவர் செய்தவற்றுள் மிகப் புகழ்பெற்றது எலி ஆய்வு. ஒத்த வயதும் எடையும் உடைய இளம் எலிகளை, இருபது இருபதாக ஏழு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்திற்குச் சீக்கியர் உணவு. மற்றவற்றுக்குப் பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் உணவுகள். சமைப்பதும் அவ்வம் மக்கள் சமைக்கும் முறைப்படியே. 140 நாள்கள் கழித்து எடை பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி ஆகியவற்றை உண்ட சீக்கியர் கூட்டத்து எலிகள் சராசரி 235 கிராம் நின்றன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் பாலையும் காய்கறியையும் மிகக் குறைவாகவும் உண்ட நம் மாகாணத்துக் கூட்டம் 155 கிராமில் நின்றுவிட்டது. அரிசியும் மரவள்ளிக் கிழங்குமாகிய ஏழையர் உணவை உண்ட எலிகளுக்கு இரைப்பைப் புண் தோன்றியதையும் அவர் வேறோர் ஆய்வில் கண்டார்; சீக்கியர் உணவு உண்டவற்றுக்கு அது தோன்றவில்லை.

வடநாட்டார் சிலர் பிறப்பிலேயே வீரர், தென்னாட்டார் பிறப்பிலேயே மெலியர் என்னும் பேச்சு அந்நாளில் ஆட்சியாளரிடையே மிகுந்திருந்தது. படைக்கு ஆள் எடுப்பதும் அக்கருத்தின்படியே நடந்தது. மெக்காரிசனும் மக்களினங்களின் வேறுபாடு பற்றி அக்காலத்தார் பேசிய நடையிலேயே சில இடங்களில் எழுதினார். அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவருடைய எலிகள் வேறொன்றைக் கூறின. அவ்வேழு கூட்டமும் ஒரே குலத்து எலிகளே. சீக்கிய எலி என்றும் தமிழ் எலி என்றும் இல்லை. வேற்றுமை குருதியில் இல்லை; தட்டில் இருந்தது. இதனை ஐயமற நிறுவியது அவர் பின்னர்ச் செய்த மற்றோர் ஆய்வு. இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளர் உண்ணும் வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரையிட்ட தேநீர், வேகவைத்த முட்டைக்கோசு, டப்பாவில் அடைத்த இறைச்சி, பழப்பாகு ஆகியவற்றை ஒரு கூட்டத்திற்குக் கொடுத்தார். அவ்வெலிகள் வளர்ச்சி குன்றின. சினம் மிகுந்து தம்மைப் பேணியவர்களையே கடித்தன. அறுபது நாள்கள் ஆகுமுன் தம்முள் வலியற்றதைக் கொன்று தின்னவும் தலைப்பட்டன. ஆளும் நாட்டின் உணவும் ஆளப்படும் நாட்டின் உணவும் குன்னூர்க் கூண்டுகளில் ஒரே தராசில் நிறுக்கப்பட்டன.

ஒன்று நான் இங்கே கூற வேண்டும். சென்னை மாகாண உணவு என்று அவர் எடுத்துக்கொண்டது ஆற்றுப்பாசன நிலத்து அரிசி உணவேயாகும். தமிழர் அனைவரும் அந்நாளில் அரிசி உண்டாரல்லர். அதியமான் ஆண்ட தகடூராகிய எம் தருமபுரியில் வானம் பார்த்த மேட்டுநிலமே மிகுதி. கேழ்வரகும் சாமையும் கம்புமே விளைவு. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் காலையிலே புளித்த கூழும் உழவரின் நாட்கூலி உணவு. அரிசிச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவது. அதனால் களி உண்பது வறுமையின் அடையாளம் என்று எங்கள் இளமையில் ஒரு நாணம் இருந்தது. ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் தொகுத்த அட்டவணையைப் பார்த்தால் நாணத்தக்கது எது என்பது விளங்கும். 100 கிராம் தீட்டிய பச்சரிசி 345 கலோரி தரும். 100 கிராம் கேழ்வரகு 328 கலோரி தரும். ஆற்றற் கணக்கில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சுண்ணச்சத்து, அவ்வரிசியில் 10 மில்லிகிராம். கேழ்வரகில் 344 மில்லிகிராம். கேழ்வரகைத் தீட்டுவாரும் இல்லை. முழுத்தானியமாகவே அரைத்துக் களி கிண்டுகின்றோம். ஆதலின், நார்ப்பொருளும் உடன் வருகின்றது. அவ்வட்டவணையை விரிவாக்கி வெளியிட்ட அறிஞர் குழுவின் தலைவர் மருத்துவர் கோபாலன், 1918 இல் சேலத்தில் பிறந்தவர். தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. 1965 இலேயே தனி மாவட்டமாயிற்று.

ஆலையரிசி மலிந்தபின் களியட்டுக் கொப்பரைகள் பல வீடுகளில் பரண் ஏறின. 2023 மே மாதத்தில், நியாயவிலைக் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு முதன்முதலில் இரண்டே மாவட்டங்களில் தொடங்கிற்று. ஒன்று தருமபுரி, மற்றொன்று, குன்னூர் அமைந்த நீலகிரி.

மெக்காரிசன் நிலத்தையும் மறந்தாரல்லர். தானியத்தின் சத்து அது விளையும் மண்ணைப் பொறுத்தது என்று கருதி, கோவை வேளாண்மைக் கல்லூரியைச் சேர்ந்த விசுவநாத் என்பவருடன் சேர்ந்து, மாட்டெருவிட்ட நிலத்துத் தானியத்தையும் வேதியுரமிட்ட நிலத்துத் தானியத்தையும் ஒப்பிட்டு 1926 இல் ஆய்வு வெளியிட்டார். மாட்டெரு விளைவித்த தானியமே சத்து மிக்கது என்பது அவர் கண்டது. அம்முடிவைப் பற்றி இன்றும் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

ஆய்வுக்கூடத்துச் செய்தி அடுக்களைக்குச் சென்றாலன்றிப் பயனில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே, பள்ளிப் பிள்ளைகள் படிப்பதற்கென்றே உணவு பற்றி ஒரு சிறு நூலை எழுதி 1928 இல் சென்னையில் வெளியிடச் செய்தார். அரிசியை மிகத் தீட்டாதே. பலமுறை கழுவிச் சத்தைக் கரைக்காதே. கீரை, காய், பழம், பால் ஆகியவற்றை நாளும் சேர் என்பன அதன் சாரம். அறிவுரை நன்றே. ஆனால் பால் வாங்கக் காசு இல்லாத வீட்டுக்கு அவ்வறிவுரை எட்டுமா? நாட்கூலி பெறுபவன், பசியை அடக்க எது மலிவோ அதைத்தான் வாங்குவான். இவ்விடத்தில் மருத்துவரின் கை ஓரளவே நீளும். மீதி, அரசு செய்ய வேண்டுவது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 1956 இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுதும் பரவத் தொடங்கியபோதுதான் அம்மீதிப் பணியில் ஒரு பகுதி நிறைவேறியது.

1933 இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1935 இல் ஓய்வு பெற்று ஆக்ஸ்போர்டுக்குச் சென்றார். மறு ஆண்டில் இலண்டனில் உணவும் நாட்டு நலமும் என்னும் பொருள்பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். குன்னூரில் கண்டவற்றையெல்லாம் அங்கே தொகுத்துரைத்தார். குன்னூரில் அவரது இருக்கையில் அமர்ந்தவர் ஏக்ராய்டு. அவர் 1937 இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்தை அளந்து முதல் அட்டவணையை வெளியிட்டார். மேலே கூறிய அட்டவணைக்கு அதுவே வேர்.

ஆய்வுக்கூடம் 1958 இல் குன்னூரிலிருந்து ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969 இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. மெக்காரிசன் ஆக்ஸ்போர்டில் முதுநிலை மருத்துவக் கல்வியை மேற்பார்த்து வந்து, 1960 மே 18 ஆம் நாள் தமது எண்பத்திரண்டாம் வயதில் காலமானார். அவர் ஓர் அறையிலே தொடங்கிய இடமான பாஸ்டியர் நிறுவனம் குன்னூர்ச் சிம்ஸ் பூங்காவின் அருகே இன்றும் இருக்கின்றது. அங்கே இப்போது தடுப்பூசி மருந்துகள் ஆக்கப்படுகின்றன.